சேரு கடிக்காத உடம்பு

குரங்கணி ஜீப்பில் வீரணன் அண்ணன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பின்பக்கத் தகரப் படியில் கால் வைத்து, மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டேதான் வருவார். வண்டி காலியாக இருந்தாலும் அப்படித்தான். நான் ஜீப்பு ஓட்ட வந்த புதிதில், "உள்ள வாண்ணே, எடம் சும்மாதான கெடக்கு" என்று ஒருதடவை கூப்பிட்டேன்.

"நான் எறங்குனதுக்கப்புறம் அந்த எடத்துல வேற ஆளு உக்காரணுமில்ல அப்பு" என்றார். அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை.

சேரு மரம் என்றால் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மலையில் ஓங்கி வளரும். அடிவாரத்தில் அதே வகையில் குட்டையாக ஒன்று உண்டு, சேங்கொட்டை அதில்தான் காய்க்கும். நாங்கள் இரண்டையுமே சேரு என்றுதான் சொல்வோம். பட்டையைக் கீறினால் பால் வடியும். காற்றுப் பட்டதும் தார் மாதிரிக் கறுத்துவிடும். அது மேலே பட்டவன் பாடு திண்டாட்டம்தான். சேரு கடித்துவிட்டது என்போம். முதலில் அரிப்பு, அப்புறம் கொப்புளம், அப்புறம் முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடிக்கொள்ளும். மரத்தைத் தொட்டால்தான் என்று இல்லை. தொட்டவன் தோளில் கிடந்த துண்டைத் தொட்டாலும் போதும், அவன் பிடித்த அரிவாளைப் பிடித்தாலும் போதும்.

வீரணன் அண்ணனை மட்டும் அது ஒன்றும் செய்யாது. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

இளவட்டமாக மலைக்கு வேலைக்குப் போன புதிதில்தான் அது வெளியே தெரிந்தது. ஒரு மழைநாளில், கிளை முறிந்து நின்ற சேருக்கடியில் ஆட்கள் எல்லோரும் தெரியாமல் ஒதுங்கிவிட்டார்கள். மழையோடு சேர்ந்து பாலும் வடிந்திருக்கிறது. மறுநாள் அத்தனை பேரும் வீங்கிப்போய்ப் படுத்துக்கிடக்க, இவர் மட்டும் மற்றவர்களுக்கு வடித்த கஞ்சியையும் சேர்த்துக் குடித்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாராம். கங்காணி பெரியகருப்பன் வந்து பார்த்தான்.

"ஏலே, ஒனக்கு என்ன எருமைத்தோலா?"

"அரிக்கலீங்க."

"அப்ப நாளையிலருந்து சேரு வெட்டுற சோலி ஒனக்குத்தான்."

அவ்வளவுதான். அவர் வாழ்க்கை அங்கே முடிவாகிப்போனது. ஏலச்செடி நிழலில் வளர்வது. நிழலுக்கு நிற்கிற மரங்களில் சேரு ஒன்று இருந்தாலும் பொம்பளைகள் அந்தப் பாத்தியில் ஏலப்பழம் எடுக்க இறங்க மாட்டார்கள். அதனால் எங்கே சேரு தலை காட்டினாலும் வீரணனைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வெட்டுகிற அன்றைக்குக் கங்காணி மற்ற ஆட்களை வேறு சரிவுக்கு அனுப்பிவிடுவான். இவர் தனியாக வெட்டி, தனியாக இழுத்துப் போட்டு, தனியாகத் தீ வைத்து முடித்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குத் திரும்புவார்.

லயத்தில் கடைசி வீடு அவருக்கு. குழாயில் எல்லோரும் பிடித்த பிறகுதான் தண்ணீர் பிடிப்பார். இதில் சாதி ஒன்றும் இல்லை, அவருடைய கூடப்பிறந்தவர்களே தள்ளித்தான் நின்றார்கள். யாராவது எதையாவது கொடுத்தால் கையில் வாங்க மாட்டார். "கீழ வையி அப்பு" என்பார். வைத்துவிட்டு நாம் நாலடி நகர்ந்த பிறகு எடுத்துக்கொள்வார். அவருக்குச் 'சேருக்காரர்' என்று பேராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் குறைந்துபோனது.

அறுபத்தெட்டிலோ ஒன்பதிலோ அவருக்குக் கல்யாணம் நடந்தது. பெண் ராசிங்காபுரத்து ஆயம்மாள். மாப்பிள்ளைக்கு மலையில் நிரந்தர வேலை என்று கொடுத்தார்கள். என்ன வேலை என்று அவர்கள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. லயத்துக்கு வந்த கொஞ்ச நாளிலேயே ஆயம்மாளுக்குக் கையெல்லாம் கொப்புளம். இவர் பதறிப்போய் ஓடையில் குளித்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, வேலைத்துணியை வெளியிலேயே அவிழ்த்துப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போவார். கொஞ்ச நாள் சரியாக இருக்கும். மறுபடி ஒரு சேரு வெட்டுவார், மறுபடி அவளுக்கு அரிக்கும். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பொம்பளையும் முடிந்தமட்டும் பொறுத்துத்தான் பார்த்தாள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கண் மூடுகிற அளவுக்கு வீங்கிவிட்டது. அவள் அப்பன் வந்து, "பிள்ளை பொறக்கட்டும், அப்பறம் பாத்துக்கிருவோம்" என்று கீழே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளை பிறந்தது. பொன்னுமணி என்று பேர் வைத்தார்கள். இவர் பார்க்கப் போனார். பிள்ளையைத் தொடவில்லை, தொட்டில் சேலையை மட்டும் கொஞ்சம் விலக்கி முகத்தைப் பார்த்தார். நாலாம் நாள் பிள்ளை கன்னத்தில் கொப்புளம். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. ஆயம்மாள் அழுதுகொண்டே, "இனிமே வராதீங்க" என்றாள். இவரும் சரி என்று வந்துவிட்டார்.

வேலையை விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். விட்டுப் பார்த்தார். ஒரு வருசம் கீழேயே இருந்தார். களையெடுப்பிலும் அறுப்பிலும் அவர் பக்கத்தில் வரிசையில் நிற்க ஒரு ஆள் வரவில்லை. வந்து கூப்பிட்டவன் எல்லாம், "எங்க வேலியில ஒரு சேரு மொளச்சிருக்கு, வர்றியா?" என்றுதான் கூப்பிட்டான். அதற்கு மலையே தேவலை என்று திரும்பிப் போய்விட்டார்.

அதன்பிறகு மாசத்துக்கு ஒருதடவை ராசிங்காபுரம் போவார். ஆயம்மாள் வீட்டுத் தெருமுனையில் ஒரு பலசரக்குக் கடை. பொரிகடலை, சீனி மிட்டாய், தீபாவளி வந்தால் ஒரு கவுன் என்று பிள்ளைக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டு, கடைக்காரரிடமே கொடுத்தனுப்பச் சொல்வார். தன் கையால் எதையும் தொட மாட்டார். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நிற்பார். கடைக்காரர் கொடுத்துவிட்டு வந்ததும், "வாங்கிருச்சா?" என்பார். "வாங்கிருச்சுய்யா" என்பார் கடைக்காரர். அதைக் கேட்டுவிட்டுப் பஸ்சுக்குக் கிளம்பிவிடுவார். பிள்ளை குமரியாகிற வரைக்கும் இதேதான்.

எண்பத்தொன்பதாம் வருசம், ஆனி மாசம். போடியில் ஜீப்பை நிறுத்தி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பொம்பளை வந்து நின்றாள்.

"குரங்கணி ஜீப்பு ஓட்டுற சின்னச்சாமிங்கிறது நீங்கதான தம்பி?"

"ஆமா, ஏறுங்க. இன்னும் ரெண்டாளு வந்தா எடுத்துருவேன்."

"ஏற வரல. மேல ஒரு ஆளுக்குத் தாக்கல் சொல்லணும். வீரணன்னு பேரு."

"யாரு, சேருக்காரரா?"

அவள் என்னை நன்றாக ஒரு பார்வை பார்த்தாள். "நான் அவரு வீட்டுக்காரி."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "சொல்லுங்க மதினி" என்றேன்.

"பொன்னுமணிக்கு ஆவணி மொத முகூர்த்தத்துல கல்யாணம். மாப்ள சிலமலையில லாரி ஓட்டுறாப்ல. எங்க வீட்டு வாசல்லதான் பந்தல். கொல்லையில ஒரு சேரு நிக்கிது தம்பி. முன்னால அந்த எடத்துல துணி வெளுக்கிறவுக குடியிருந்தாக, துணியில குறி போட வச்சிருந்த சேங்கொட்டை விழுந்து மொளச்சிருக்கும்போல. சமையலுக்கு அடுப்புக் கூட்ட அந்தக் கொல்லைய விட்டா வேற எடமில்ல. யாரக் கூப்பிட்டாலும் கும்பிடு போட்டுட்டு ஓடுறாங்ஞ."

"அண்ணன வரச் சொல்றேன். மரம் வெட்ட மட்டுந்தானா மதினி?"

முந்தானையை இழுத்துச் செருகினாள். "மொதல்ல மரத்த எடுக்கட்டும்."

மேலே போய்ச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் தீட்டுவதை நிறுத்தவில்லை.

"மரத்துக்குக் கூப்பிட்டாளா, கல்யாணத்துக்குக் கூப்பிட்டாளா?"

"அத நீதாண்ணே போய்க் கேக்கணும்."

ஆடி மாசம் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். ஓடைக்கரையை ஒட்டின சின்ன ஓட்டு வீடு. பின்னால் கொல்லை, மூலையில் அந்தச் சேரு. இரண்டாள் உயரம் இருக்கும். இலை அகலமாக, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. நான் தெருப்பக்கம் ஜீப்பில் சாய்ந்து நின்றுகொண்டேன். பக்கத்துச் சந்து வழியாக அங்கிருந்தே எல்லாம் தெரிந்தது, பேச்சும் கேட்டது.

அவர் வேலை செய்கிறதை அன்றைக்குத்தான் பார்த்தேன். முதலில் ஆடு கோழி எல்லாவற்றையும் அவிழ்த்துவிடச் சொன்னார். பின்கதவைச் சாத்தச் சொன்னார். மரத்தை ஒரேயடியாகச் சாய்க்கவில்லை. நுனியிலிருந்து கிளை கிளையாகக் கழித்து, ஒவ்வொன்றையும் கையால் தாங்கி இறக்கினார். வெட்டுவாயில் பால் வடிகிறதற்குள் சாம்பலை அள்ளி அப்பினார். தெறித்த சிராய்களைக் குனிந்து குனிந்து பொறுக்கிச் சாக்கில் போட்டார். அடிமரம் போனதும் சுற்றிலும் மண்ணைப் பறித்து, வேர் ஓடுகிற பக்கமெல்லாம் கடப்பாரையைப் போட்டுக் கிளப்பினார்.

ஆயம்மாள் பின்கதவை ஒருசாண் திறந்து வைத்துக்கொண்டு அங்கிருந்தே பேசினாள்.

"தண்ணி வேணுமா?"

"கீழ வையி. அப்பறம் எடுத்துக்கிறேன்."

"சின்ன வேர விட்டுறாதீங்க. பந்தியில பிள்ளைக ஓடித் திரியும்."

"விடமாட்டேன்."

 அப்புறம் இவர் நிமிராமலே கேட்டார்.

"கல்யாணத்தன்னைக்கு நான் எங்கன நிக்க?"

 கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது.

"மலைக்கு ஏறாம இருப்பீங்களா?"

"இருப்பேன்."

"இந்த வேட்டி துணியெல்லாம் தூரப் போட்டுட்டு, கம்மாயில தெனம் குளிச்சுட்டு, கல்யாணத்துக்குப் புதுத்துணி கட்டிட்டு வாங்க. பந்தல்ல நில்லுங்க. அப்பன் உசுரோட இருக்கப்ப பிள்ளை கையப் பிடிச்சுக் குடுக்க என் தம்பி எதுக்கு?"

இவர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை, முகமெல்லாம் வேர்வையும் சாம்பலுமாக இருந்தது. மறுபடி குனிந்து முன்னைவிட வேகமாகத் தோண்ட ஆரம்பித்தார்.

ஆயம்மாளின் தம்பி மொக்கச்சாமி அந்தச் சமயம் வந்தான். பேச்சு கொஞ்சம் தடித்த ஆள். "என்ன மச்சான், ஊரே தொடாத மரம் ஒமக்கு மட்டும் கட்டுப்படுது. ரெண்டும் ஒரே வகையறாவோ?" என்றான்.

"ஆமா மாப்ளே. நீயும் வந்து ஒரு கை பிடி, சொந்தம் விட்டுப்போகாது" என்றார் இவர். மொக்கச்சாமி நாலடி பின்னால் போனான். கதவுக்கு உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆயம்மாள் குரல் இல்லை அது.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு போடிக்கு வந்துவிட்டேன். மறுநாள் நடந்ததைப் பிறகு கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

கொல்லையைச் சல்லடை போட்ட மாதிரி சுத்தம் செய்துவிட்டார். வேர், கிளை, சிராய், பறித்த மண்ணில் கிடந்த தூசி தும்பு எல்லாவற்றையும் ஓடைக்குள் கொண்டுபோய்க் குவித்தார். அங்கேயே ஆழமாகக் குழி எடுத்துப் புதைத்திருக்கலாம். ஓடையில் தண்ணீர் வந்தால் அரித்துக்கொண்டு வந்துவிடும், நாய் தோண்டிவிடும் என்று நினைத்திருக்கிறார். அவருக்கு ஒரு துண்டுகூட மிச்சம் இருக்கக்கூடாது. மலையில் வழக்கமாகச் செய்கிற மாதிரி அரிவாளால் குவியலை ஒதுக்கி, காய்ந்த சருகைப் போட்டுத் தீ வைத்துவிட்டார்.

பச்சை வேர். புகைந்திருக்கிறது. ஆடிக்காற்று மலையிலிருந்து இறங்கி அடித்துக்கொண்டிருந்தது. புகை முழுக்க ஆயம்மாள் வீட்டு ஓட்டுக்குள் புகுந்துதான் தெருவுக்குப் போனது. உள்ளே பொன்னுமணி தலைக்குக் குளித்துவிட்டு முடியை விரித்து உலர்த்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

சேரு விறகை எரிக்கக்கூடாது, பாலைவிடப் புகை பொல்லாதது என்று ஊரில் பலருக்குத் தெரியும். இத்தனை வருசம் சேரோடு கிடந்த மனுசனுக்கு அது தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவர் உடம்பை அது ஒன்றும் செய்யாது. அவர் தீ வைத்த இடத்தில் இன்னொரு ஆள் நின்றதே கிடையாது. புகை பட்டு முகம் வீங்கினவன் ஒருத்தனாவது வந்து அவரிடம் காட்டியிருந்தால்தானே?

இரண்டு நாள் கழித்து அவரைக் கூட்டிவரப் போனேன். தெருவில் பாதிப் பேர் சொறிந்துகொண்டு நின்றார்கள். வாசலில் மொக்கச்சாமி சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். வீரணன் அண்ணன் ஓடைக்கு அந்தக் கரையில், கரிந்த குவியலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே?"

"பொகையுமா அப்பு கடிக்கும்?" என்றார். என்னைத்தான் கேட்டார். 

பொன்னுமணியைப் போடி ஆஸ்பத்திரியில் காட்டி ஊசி போட்டுக் களிம்பு கொடுத்திருந்தார்கள். முகம் பூசணிக்காய் மாதிரி இருந்தது. கண் இரண்டும் ஒட்டிப்போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் காப்பியும் குடிக்காமல் போயிருக்கிறார்கள். சொல்லாமல் போனதுதான் பயம்.

ஆயம்மாள் வெளியே வந்தாள். அவள் கழுத்திலும் கொப்புளம் இருந்தது. இவரைத் திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். ஓடைக்கரையில் நின்று, "தான்றி மரம் எங்க இருக்குன்னு தெரியுமா?" என்றாள்.

சேரு கடித்தவர்கள் தான்றி மரத்தைச் சுற்றி வந்து, நடந்ததை அதனிடம் வாய்விட்டுச் சொன்னால் இறங்கிவிடும் என்பது மலையில் ஒரு நம்பிக்கை. மலையாளத்து ஆட்கள் சொல்லி எங்களுக்கு வந்தது. மரத்தை வெட்டின ஆள் முன்னால் போக வேண்டும், கடிபட்டவர் பின்னால் போக வேண்டும்.

"குரங்கணி ரோட்டுல ஒண்ணு இருக்கு" என்றார் இவர்.

"ஆஸ்பத்திரி மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும். பிள்ளைய அங்கன கூட்டிட்டுப் போவோம்."

ஜீப்பில் பொன்னுமணியும் ஆயம்மாளும் முன்னால் உட்கார்ந்தார்கள். இவர் வழக்கம்போலப் பின்னால் தொங்கிக்கொண்டு வந்தார். உள்ளே இடம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. 

தான்றி ரோட்டை விட்டுக் கொஞ்சம் மேலே ஏறின சரிவில் நின்றது. பெரிய மரம். அடியெல்லாம் வேர் புடைத்துக்கொண்டு கிடந்தது. ஆயம்மாள் மகளைக் கையைப் பிடித்து அதுவரைக்கும் ஏற்றிவிட்டாள். சுற்றுகிறபோது அந்த இரண்டு பேருக்கு மேல் போகக்கூடாது என்பதால் அவள் நின்றுகொண்டாள். கண் தெரியாத பிள்ளை எப்படிப் பின்னால் வரும்? இவர் கையை நீட்டி, நீட்டின வேகத்திலேயே இழுத்துக்கொண்டார்.

"அப்பு, ஓன் கத்தியால ஒரு கம்பு வெட்டிக் கொண்டா. என் அருவா வேணாம்."

நீளமாக ஒரு கம்பு வெட்டிக் கொடுத்தேன். ஒரு நுனியை நானே பொன்னுமணி கையில் வைத்தேன். மறுநுனியைக் கீழே வைத்த பிறகு இவர் எடுத்துக்கொண்டார்.

"முன்னால யாரு?" என்றாள் பொன்னுமணி.

"ஒங்கப்பா" என்றாள் ஆயம்மாள்.

பொன்னுமணி கையால் கம்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சரி, போங்க" என்றாள்.

"வேரு கெடக்கு. காலத் தூக்கி வையி."

"எந்தக் கால?"

"ரெண்டையுந்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீங்கின உதடு வலித்திருக்கும், வாயைப் பொத்திக்கொண்டாள். "சிரிப்புக் காட்டாதீங்க, ஒதடு கிழியுது" என்றாள். அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் சிரித்தது யார் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் அவளே பேசினாள்.

"ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு ஆத்தா."

"எங்க தெருமொனையில ரோட்டுக்கு அந்தப்புறமா நிப்பீங்களே, அங்கன சுள்ளுன்னு வெயில் அடிக்கும். கடப் பக்கந்தான நெழலு. எதுக்கு அங்க போய் நிக்கிறது?"

இவர் நடப்பதை நிறுத்திவிட்டார். கம்பு நின்றதும் அவளும் நின்றாள்.

"அங்கன நின்னாத்தான் ஓன் வீட்டு வாசல் தெரியும்."

அவள் கம்பை ஆட்டி, "நடங்க" என்றாள். மூன்றாவது சுற்றில் மெதுவாகத்தான் நடந்தார்கள். வேர் வந்த இடத்திலெல்லாம் இவர் கம்பைக் கொஞ்சம் தூக்குவார், அவள் காலைத் தூக்கி வைப்பாள். சொல்லத் தேவைப்படவில்லை. சுற்று முடிந்ததும் இவர் மரத்தைப் பார்த்துக் கும்பிட்டு, "நான் வெட்டுனதுக்கு எம்பிள்ளைய அது கடிச்சிருச்சு. நீ எறக்கி விட்டுரு" என்றார். 

"கல்யாணத்துக்கு வருவீங்கள்ல?" என்றாள் பொன்னுமணி.

"மொதல்ல மொகத்து வீக்கம் வடியட்டும் ஆத்தா."

ஊசியோ தான்றியோ, எது என்று நான் சொல்ல மாட்டேன், ஆவணி பிறந்ததும் வீக்கம் வடிந்துவிட்டது. தோல் உரிந்து புதுத்தோல் வந்தது. மாப்பிள்ளை நல்ல பையன், பொண்ணை விட மாட்டேன் என்று நின்றிருக்கிறான். ஆனால் அவன் அப்பா இரண்டு விசயம் கறாராகச் சொல்லிவிட்டார். புகை அடித்த வீட்டில் பந்தல் வேண்டாம், கல்யாணத்தைப் போடியில் முருகன் கோயிலில் கடைசி முகூர்த்தத்துக்கு வைத்துக்கொள்வோம். அந்த மனுசன் அந்தப் பக்கம் வரக்கூடாது. மொக்கச்சாமி அதற்குத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டான். பிள்ளை கையைப் பிடித்துக் கொடுக்கப் போகிறதும் அவன்தான்.

இதைச் சொல்ல ஆயம்மாளே ஜீப்பு நிற்கிற இடத்துக்கு வந்தாள். "அவரு கம்மாயில குளிச்சுட்டுத்தான் இருக்காரா?" என்று கேட்டாள்.

"தெனமும் குளிக்கிறாரு மதினி. மலைக்கு ஏறவே இல்ல. கரையிலயே ஒரு குச்சுக் குடிசை போட்டுக் கெடக்காரு."

"நீங்களே சொல்லிருங்க தம்பி. என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

நான் போய்ச் சொன்னேன். கரையில் துணியைத் துவைத்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, "எத்தன மணிக்கு முகூர்த்தம்?" என்றார். சொன்னேன். "நல்ல நேரந்தான்" என்றார்.

கல்யாணத்தன்று ராசிங்காபுரத்திலிருந்து ஆட்களை ஏற்றிப் போடியில் இறக்குகிற வேலை எனக்கு. கடைசி நடையில் எல்லோரும் போன பிறகு, தேங்காய் மூட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டார்கள் என்று என்னை விரட்டினார்கள். வந்தேன். தெருவே காலியாக இருந்தது. மூட்டை வாசலில் கிடந்தது. தூக்கப் போகும்போது கொல்லைப் பக்கம் கடப்பாரைச் சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தால் அவர்தான். புதுவேட்டி கட்டித் தார்ப்பாய்ச்சியிருந்தார். இடையில் பெய்த மழைக்குக் கொல்லையில் நாலைந்து இடத்தில் சேரு துளிர்த்திருந்தது. மண்ணுக்குள் எங்கேயோ அறுந்து கிடந்த வேரிலிருந்து சிவப்பாகக் கொழுந்து விட்டிருந்தது. ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது, இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான் இங்க ஆளில்ல."

"வாண்ணே, வண்டியில ஏறு. கோயிலுக்கு வெளிய நின்னு பாத்துட்டு வந்துருவோம். எவனாவது கேட்டா நான் பேசிக்கிறேன்."

வேட்டியைப் பார்த்துக்கொண்டார். கையை விரித்துக் காட்டினார். விரலெல்லாம் கறுப்பாகப் பால் அப்பியிருந்தது.

"கைய வச்சுட்டேன் அப்பு."

"காலையிலயே வந்திருக்கலாமுல்ல? கைய வைக்கிறதுக்கு முன்னாடி?"

அவர் குனிந்து ஒரு வேரைப் பிடித்து, அது போகிற வாக்கில் விரலால் மண்ணைத் தள்ளிக்கொண்டே போனார்.

"மொகத்துல தழும்பு ஏதும் இருக்கா?"

"ஒரு பொட்டுக்கூட இல்லண்ணே. பளிச்சுன்னு இருக்கு பிள்ள."

"சரி. நீ வெரசாப் போ, தேங்கா இல்லாம அங்க தவிச்சுக்கிட்டு இருப்பாங்ஞ."

"இதுக்கும் தீ வைக்கப் போறியா?" வாயில் வந்துவிட்டது, கேட்டுவிட்டேன்.

"இல்ல. மேல கொண்டுபோயி ஆழமாப் பொதைச்சுருவேன். ஓன் வண்டியில வேணாம், நடந்தே போயிருவேன்."

மூட்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். நான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. பொன்னுமணி என்னைப் பார்த்ததும், பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். நான் தேங்காய் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் குரங்கணிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகையில், ரோட்டோரம் தோளில் சாக்குமூட்டையோடு அவர் நடந்துகொண்டிருந்தார். வண்டியை மெதுவாக்கினேன். போ போ என்று கையைக் காட்டினார்.

மறுவருசம் ஆயம்மாள் அந்தக் கொல்லையில் அவரைக்கொடி போட்டாள். சேரு மறுபடி அங்கே துளிர்க்கவே இல்லை. அதனால் வீரணன் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பவும் யாருக்கும் வேலை இல்லாமல் போயிற்று.